பெயிலான போர்

மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழாயில் மட்டும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று வந்தது. இருமியது, ஒரு வாய் சேற்றைத் துப்பியது, மறுபடியும் இருமியது. மல்பெரித் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருந்த வெங்கடம்மாளுக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இலைச் சாக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்தாள். அணைத்த கையோடு குழாயைப் பார்த்து ஒரு வசவு வைதாள். கெட்ட வசவுதான். குழாய்க்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

வேப்பனப்பள்ளிக்கு மேற்கே, ஒரு பக்கம் நடந்தால் கர்நாடகம், இன்னொரு பக்கம் நடந்தால் ஆந்திரம் என்று கிடக்கிற கரட்டு நிலத்தில் இருந்தது புங்கமரத்துக்கொட்டாய் என்கிற சிற்றூர். அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துச் சித்திரை. மூன்று வருஷமாக மழை பொய்த்து, மாமரமெல்லாம் பிஞ்சை உதிர்த்துவிட்டு நின்றன. வெங்கடம்மாள் வீட்டில் தட்டுத் தட்டாகப் பட்டுப்புழு. மூன்று முறை தோல் உரித்தாயிற்று. நாலாவது தோலையும் உரித்து எழுந்தால் பேய்த்தீனி தின்னும். அப்போது பச்சை இலை தராவிட்டால் கூடு கட்டாது. வாரிக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான்.

"கொட்டறத இன்னிக்கே கொட்டிடலாம்" என்றான் அவள் புருஷன் சென்னகிருஷ்ணன். களித்தட்டில் குழி பறித்து அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னான். "ஹரீஷு சொல்றது சரிதா. ஓசூரு பக்கம் மத்திகிரியில ரெண்டு ரூமு வூடு பாத்து வச்சிக்கிறான். நான் வாச்மேன் வேலைக்குப் போறேன். நீ கார்மென்ட்ஸ்ல நூலு வெட்டு."

"நூலு வெட்டறதா? நானா? அங்க சூப்பர்வைசருன்னு ஒரு பொடிசு நிப்பா. ஒண்ணுக்குப் போவணும்னாலும் அவகிட்ட கேட்டுட்டுப் போவணும். இங்க என் தோட்டம், என் புழு, என் வாயி."

"உன் வாயி எங்க போனாலும் உன்கூடத்தா வரும். அதுக்கு தண்ணி தேவையில்ல."

அவள் குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பையன் ஹரீஷ்குமார் ஓசூரில் வண்டி பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் இருக்கிறான். நல்ல பிள்ளைதான். அவன் வாடகை வீட்டில் அவள் பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்து பார்த்தாள். பேக்கரி பப்ஸ் பிடித்தது. டவுன் பஸ் பிடித்தது. ஆனால் காலையில் எழுந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுத்த வீட்டுக்காரி பாத்திரத்தையும் சேர்த்துத் துலக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அந்த பிரஷர் வண்டி வருதாமே, அது வரட்டும்" என்றாள். "அதுலயும் தண்ணி வரலன்னா நானே பூட்டு வாங்கியாந்து தர்றேன். நீ பூட்டு."

பிரஷர் வண்டி என்றால் அரசாங்க வண்டி. வற்றிப்போன ஆழ்துளைப் போருக்குள் தண்ணீரை அழுத்தமாக ஏற்றி, அடியில் இருக்கிற பாறையைப் பிளந்து, ஊற்றுக்கு வழி திறந்துவிடும் என்று சொன்னார்கள். சென்னகிருஷ்ணன் யூனியன் ஆபீசில் பேர் கொடுத்து வைத்திருந்தான். வண்டி பக்கத்து ஊர் வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் நாராயணம்மாவைத் தாண்ட வேண்டும்.

நாராயணம்மா சென்னகிருஷ்ணனின் அண்ணன் பெண்சாதி. வெங்கடம்மாளுக்கு ஓரகத்தி. பாகம் பிரிக்கும்போது அண்ணன் கோவிந்தப்பனுக்குக் கிணறும், தம்பிக்குப் போரும் என்று பிரித்தார்கள். அந்தக் காலத்தில் போர்தான் உசத்தி, கிணறு ஏமாந்தவன் பங்கு என்று பேச்சு. இப்போது கொட்டாய் முழுக்கக் குடிக்கிற தண்ணீர் அந்தக் கிணற்றில்தான். ஆழத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி கொஞ்சம் மின்னும். அதைத்தான் இருபது வீடும் இறைத்துக் குடித்தது.

சாயங்காலம் குடத்தோடு போன வெங்கடம்மாளைக் கிணற்று மேட்டிலேயே நாராயணம்மா மடக்கினாள்.

"ஏம்மே வெங்கட்டு, பாறைக்கு வேட்டு வெக்கப் போறியாமே?"

"வேட்டு இல்லக்கா. வெறும் தண்ணி. தண்ணிய உள்ள ஏத்தறாங்கோ."

"தண்ணி இல்லன்னுதான போரு. அதுக்குள்ள தண்ணி ஊத்தறதுக்கு ஒரு வண்டியா? சோறு இல்லாதவன் வாயில சோத்த திணிச்சிட்டு, வயித்துக்குள்ள சோறு வெளஞ்சிக்குதுன்னு சொல்லுவானா?"

கயிறு இழுத்துக்கொண்டிருந்த மாரம்மாவுக்குச் சிரிப்பில் குடம் தளும்பியது.

"சிரிக்காதடி மாரி, பாதித் தண்ணி போவுது" என்று அவளை அதட்டிவிட்டு நாராயணம்மா திரும்பினாள். "நான் கேக்கறேன், உன் போருக்கும் என் கெணத்துக்கும் எவ்ளோ தூரம்? நான் இங்க தும்முனா நீ அங்க நூறுன்னு சொல்லுவ. பாறைய பொளந்தா அது என் கெணத்துப் பக்கம் பொளக்காதுன்னு எவன் எழுதிக் குடுப்பான்? என் தண்ணி உன் போருல ஏறிடுச்சின்னா ஊரு எதக் குடிக்கும், உன் புழு மூத்திரத்தயா?"

"புழு மூத்திரம் வுடாதுக்கா."

"வெவரமாத்தா பேசற."

வெங்கடம்மாளுக்குக் கோபம் வந்தது. அதைவிட, ஓரகத்தி சொல்வதில் நியாயம் இருக்கிறதே என்றுதான் அதிகம் எரிந்தது. குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் என்னா பண்ணட்டும்? புழுவ கொட்டிட்டு மத்திகிரிக்குப் போவட்டுமா? நான் போயிட்டா உனுக்கு சண்ட போட ஆளு யாரு? இந்த மாரியா? ரெண்டு வார்த்தைக்கு அழுதுடுவா."

நாராயணம்மா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். "அதுவும் சரிதா" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். "வுடு. ஆனா ஒண்ணு. உள்ள அந்தப் பாசி புடிச்ச கல்லு தெரியுதா? தண்ணி அதுக்குக் கீழ எறங்கிச்சின்னா நான் சத்தம் போடுவேன். சத்தம் கேட்டதும் உன் மோட்டாரு நிக்கணும். எலை பாதி நனைஞ்சிருந்தாலும் நிக்கணும். பேச்சுப் பேசக்கூடாது."

பேச்சுப் பேசாமல் இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். இருந்தாலும் "சரி" என்றாள்.

வண்டி வெள்ளிக்கிழமை வந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தை நாள். கோவிந்தப்பன் ஒரு கிடாரியை ஓட்டிக்கொண்டு விடியலிலேயே சந்தைக்குப் போயிருந்தான். மற்றபடி கொட்டாய் முழுக்க வெங்கடம்மாள் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்திருந்தது. வண்டியை ஓட்டுகிறவர் பூபதி. சிவகங்கைப் பக்கத்து ஆள். ஓசூரில் குடும்பம் வைத்துப் பல வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்கத்தா. ஓஸ் தெறிச்சா கண்ணு போயிரும்."

"ஆத்தாவாம்" என்று மாரம்மா காதைக் கடித்தாள். "நம்பள கோயில்ல இருந்து எறக்கியாந்தாங்களா?"

பின்னால் ஒரு டேங்கர் வந்தது. கல் குவாரிப் பள்ளத்திலிருந்து எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொண்டுவந்த தண்ணீர். அதைப் பார்த்ததும் பெண்கள் குடத்தோடு எழுந்துவிட்டார்கள். ஒரு மாதமாக இவ்வளவு தண்ணீரை ஒன்றாக யாரும் பார்த்திருக்கவில்லை.

"இத அந்தப் பொந்துக்குள்ள ஊத்தப் போறீங்களா? பாவம் பாவம்! எங்களுக்கு ஊத்துங்க, மாடாவது குளிக்கும்."

பூபதி கும்பிட்டு உட்கார வைத்தார். மோட்டாரையும் குழாய்களையும் மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு ரப்பர் உருளையை இறக்கிக்கொண்டே அவர் சொன்னார்: "இது உள்ள போயி உப்பிக்கும். போர அடைச்சுக்கிரும். அதுக்குக் கீழ தண்ணிய அழுத்துவோம். பாறையில மயிரிழையா வெடிப்பு இருக்கும், அதுல மண்ணு அடைச்சுக் கெடக்கும். அழுத்தத்துல அது விட்டுக்கொடுக்கும். தள்ளி நிக்கிற தண்ணி இங்க வரும்."

"மருந்து கிருந்து கலக்கறீங்களா?" என்று கேட்டான் டீக்கடை கங்கப்பன்.

"வெறும் தண்ணிதாண்ணே."

"வூடு விரிசல் வுடுமா?"

"அதெல்லாம் விடாது."

"என் கெணத்துப் பக்கம் பொளக்குமா?" இது நாராயணம்மா. அவள் மட்டும் உட்காரவில்லை.

பூபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்தார். "பொய் சொல்ல மாட்டேன்த்தா. எந்தப் பக்கம் பிளக்கும்னு அந்தப் பாறைக்குத்தான் தெரியும். வேற போரோட சேந்துக்கலாம். கெணத்தோட சேந்துக்கலாம். நல்ல தண்ணிக்கும் வழி கெடைக்கும், சாக்கடைக்கும் வழி கெடைக்கும். நிறைய ஊர்ல பயிரு பொழைச்சிருக்கு. ஒரு ஊர்ல போருக்குள்ள கக்கூஸ் தண்ணி வந்துச்சு. அதனாலதான் கேக்கேன். இந்தச் சுத்து வட்டாரத்துல வேற போர் இருக்கா? தண்ணி வராம விட்ட போர், மூடுன போர், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"இல்லீங்க" என்றார்கள் எல்லோரும். கொஞ்சம் வேகமாகவே சொன்னார்கள்.

"ஒண்ணுகூட?"

"இது ஒண்டிதாங்க" என்றாள் நாராயணம்மா. சென்னகிருஷ்ணன் வானத்தைப் பார்த்தான். கங்கப்பன் செருப்பைப் பார்த்தான்.

இன்ஜின் உறுமியது. ஓஸ் விறைத்து, பாம்பு மாதிரி ஒரு முறை புரண்டு படுத்தது. அழுத்தம் காட்டுகிற முள் மெல்ல ஏறியது. வெங்கடம்மாள் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஏறினால் நல்லது, ஏறிப் பொசுக்கென்று விழுந்தால் பாறை பிளந்தது என்று அர்த்தம் என்று பூபதி சொல்லியிருந்தார். முள் பாதி ஏறி நின்றுவிட்டது. டேங்கர் தண்ணீர் குறைந்துகொண்டே போனது. முள் அசையவில்லை.

"எங்கயோ போகுது" என்றார் பூபதி. "தண்ணி எங்கயோ வெளிய போகுது."

அப்போதுதான் நாராயணம்மாவின் மாட்டுக்கொட்டகைக்குள் விசில் கேட்டது.

நல்ல நீளமான விசில். பஸ் கண்டக்டர் ஊதுவது மாதிரி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விசில் நின்று, வயிறு சரியில்லாதவன் மாதிரி ஒரு குமுறல். கொட்டகைக்கு உள்ளேயிருந்து நாராயணம்மாவின் சிவலைப் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு, கங்கப்பனை வரப்பிலிருந்து தள்ளிவிட்டு மாந்தோப்புக்குள் ஓடியது. அதற்குப் பின்னால், கல்தொட்டியின் அடியிலிருந்து கருப்புத் தண்ணீர். சாணியும் கூளமும் மூத்திரமும் பல வருஷமாக ஊறின தண்ணீர். கொட்டகையைக் கழுவி, வாசலுக்கு வந்து, நாராயணம்மாவின் காலை நனைத்துக்கொண்டு போனது.

பூபதி இன்ஜினை நிறுத்தினார்.

"ஏங்க்கா" என்றாள் வெங்கடம்மாள், "உன் தொட்டிக்கு அடியில என்னா?"

"எனக்கென்னா தெரியும்? பூமி."

"பூமி விசிலடிக்குமா?"

நாராயணம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தார்கள். தோள் குலுங்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், சாணித்தண்ணீரில் நின்றுகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"போருதாண்டி! என் பொண்ணு ஜெயப்ரியாவ மாப்ள பாக்க வந்த வருசம். தேங்கா வச்சு ஊத்து பாக்கறவன் ஒருத்தன் வந்து, மாட்டுக் கொட்டாய்க்குள்ளதா கங்கையே இருக்குதுன்னான். முந்நூறு அடி. வெறும் கல்லுப்பொடிதா வந்துச்சி. மறுநாளு மாப்ள வூட்டுக்காரங்கோ வர்றாங்கோ. எங்க வூட்டுக்காரரு ராத்திரியோட ராத்திரியா கல்ல போட்டு மூடி, தொட்டிய தூக்கி வச்சிட்டாரு. பொண்ண கட்டிக்கினு போயி ரெண்டு புள்ள பெத்தாச்சி, இன்னும் சம்பந்திக்குத் தெரியாது."

புங்கமரத்துக்கொட்டாயில் மட்டும் என்றில்லை, அந்தக் கரட்டு நிலம் முழுக்க அதுதான் வழக்கம். தண்ணீர் வந்த போரைப் பற்றிச் சம்பந்தி, பங்காளி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் எல்லோரிடமும் சொல்வார்கள். பெயிலான போரை அன்றைக்கே மூடி அதன்மேல் எதையாவது வைத்துவிடுவார்கள். ஈரமில்லாத நிலம் என்று பேர் வந்தால் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். போர் லாரியின் சத்தம் அடுத்த கொட்டாய் வரை கேட்கும்தான். கேட்காத மாதிரி இருப்பது மரியாதை.

பூபதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "இப்பச் சொல்லுங்க. வேற எங்க?"

விழுந்த இடத்திலிருந்து எழுந்து சாணியைத் துடைத்துக்கொண்டிருந்த கங்கப்பன் இருமினான். "டீக்கடை பெஞ்சுக்கு அடியில ஒண்ணு இருக்குதுங்க."

"பெஞ்சுக்கு அடியிலயா? அதான் அந்த பெஞ்ச நவுத்தவே வுட மாட்டேன்றியா?" என்றான் சென்னகிருஷ்ணன்.

"எங்க வூட்ல டிவி ஸ்டேண்டுக்குக் கீழ" என்றாள் மாரம்மா. "சிமெண்டு பூசிட்டோம். ராத்திரியில டொய்ங்குனு கேக்கும். என் மாமியாரு பேயின்னு மஞ்சத்தண்ணி தெளிக்கும்."

அவ்வளவுதான். ஒரு மடை உடைந்தது. துளசி மாடத்துக்கு அடியில் ஒன்று. கோழிக்கூட்டுக்குக் கீழே ஒன்று. கல்யாணமான வருஷம் ஒருத்தன் மாமனாருக்குத் தெரியாமல் போட்டது, அதே வருஷம் மாமனார் அவனுக்குத் தெரியாமல் போட்டது, இரண்டும் ஒரே வைக்கோல் போருக்கு அடியில். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பு. சொன்னவர்களுக்கு முகம் தெளிந்தது. அடுத்தவன் நிலமும் தன் நிலம் மாதிரிதான் என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

"எங்க வூட்ல ரெண்டு" என்று சென்னகிருஷ்ணன் ஆரம்பித்ததும் வெங்கடம்மாள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் நிறுத்தவில்லை. "புழு வூட்டு திட்டுக்கு அடியில ஒண்ணு. இன்னொண்ணு சமையக்கட்டுல, அம்மிக்குக் கீழ. இவதா அங்க போடுன்னா."

"அம்மிக்குக் கீழயா!" என்று நாராயணம்மா கூவினாள். "என்னமோ பெரிய இவளாட்டம் என் தொட்டிய கேட்டியே!"

"எனுக்கு யாரு மாப்ள பாக்க வந்தாங்கோ? ஆசைக்குப் போட்டேன். அரைச்சிக்கினே தண்ணி புடிக்கலாமின்னு."

பூபதி சிரிக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்களுக்கும் சிரிப்பு அடங்கியது.

"இன்னும் கீழ எறக்கி அடிச்சா ஊத்து கெடைக்கும்னு தோணுது. ஆனா இத்தன ஓட்டை தெறந்து கெடக்கையில நான் அடிக்க மாட்டேன். பாறை பிளந்தா இந்தச் சாணித்தண்ணி, கோழிப்பீ எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து உங்க கெணத்துக்கே போகும். குடிக்கிற தண்ணி. ரெண்டு நாள் பக்கத்து ஊர்ல வேலை. திரும்பி வருவேன். அதுக்குள்ள எல்லாத்தையும் ஜல்லி போட்டு, களிமண்ணு போட்டு, மேல சிமெண்டு வச்சு அடைச்சிருக்கணும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் வண்டிய எடுத்துட்டுப் போயிருவேன்."

வெங்கடம்மாள் கொட்டாய்க்காரர்களைப் பார்த்தாள். போர் அவளுடையது, இலை அவளுடையது, புழு அவளுடையது. அவளுக்காக எவன் டிவி ஸ்டேண்டை நகர்த்தித் தரையை உடைப்பான்? கேட்க வாயைத் திறந்தாள். வாயாடிக்கு அன்றைக்குத்தான் வாய் அடைத்தது.

நாராயணம்மாதான் முதலில் நகர்ந்தாள். "மொதல்ல என் தொட்டிய தூக்குங்கடா. இவளுக்காக இல்ல. என் கெணத்துக்காக."

அன்றைக்கு மத்தியானம் தொடங்கிய வேலை. சென்னகிருஷ்ணன் குவாரியிலிருந்து டிராக்டரில் ஜல்லி அடித்தான். ஏரி வறண்டு கிடந்ததால் களிமண் வெட்ட யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெண்கள் கூடையில் சுமந்தார்கள். கட்டிக் களிமண்ணை அம்மிக் குழவியால் உடைத்து, உருட்டி, உள்ளே போட்டுக் குத்தினார்கள். வெயில் முதுகைப் பிளந்தது. ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் மற்றவர்கள் அந்த வீட்டு ரகசியத்தை வேடிக்கை பார்த்தார்கள். மாரம்மாவின் மாமியார் பேய் இருந்த குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லயே" என்று ஏமாந்துபோனாள். சந்தையிலிருந்து திரும்பிய கோவிந்தப்பன் தன் கொட்டகை வாசலில் ஊரே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கப் பார்த்தான். "தெரிஞ்சி போச்சி" என்றாள் பெண்சாதி. "சட்டைய கழட்டிட்டு வா, மண்ணு சொம."

சாப்பாடு வெங்கடம்மாள் வீட்டில். அம்மியை எடுத்துவிட்டதால் நாராயணம்மா வீட்டு அம்மியில் அரைத்தாள். களி, கொள்ளுக் கடைசல், உதிர்ந்த மாம்பிஞ்சில் பச்சடி. இருபது வீட்டு ஆளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாந்தோப்பில் உட்கார்ந்து தின்றார்கள். ராத்திரி புழுத் தட்டைப் பார்க்கப் போனால், புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தன. நாலாவது தோலை உரிக்கப் படுத்துவிட்டன. எழுந்தால் தீனி கேட்கும். வெங்கடம்மாள் அவற்றிடம் "மெதுவா எழுந்திரிங்க, அவசரமில்ல" என்றாள்.

சொன்னபடி பூபதி வந்தார். ஒவ்வொரு வீடாகப் போய் காலால் தட்டிப் பார்த்தார். ரப்பர் உருளையை முன்னைவிட ஆழமாக இறக்கினார். இன்ஜின் உறுமியது. இந்தத் தடவை எல்லோர் காதும் அவரவர் வீட்டுப் பக்கம். முள் ஏறியது. பாதியைத் தாண்டியது. இன்னும் ஏறியது. வண்டியே நடுங்கியது. பொசுக்கென்று முள் கீழே விழுந்தது.

"விட்டுருச்சு!" என்று கத்தினார் பூபதி.

விசில் எங்கும் இல்லை. மாடு ஓடவில்லை. கம்ப்ரஸரைப் போட்டுப் போரைக் கழுவினார்கள். முதலில் சேறு, பிறகு கருப்பு, பிறகு சாம்பல் நிறம். கடைசியில் மோட்டாரை இறக்கி ஸ்டார்ட்டரைப் போட்டபோது குழாய் இருமியது. வெங்கடம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இருமல் நின்றது. பொதக்கென்று ஒரு கனமான சத்தம். கண்ணைத் திறந்தாள். ஒன்றரை இஞ்ச் தண்ணீர் குழாய் வாய் முழுக்க உருண்டு வாய்க்காலில் விழுந்து ஓடியது.

சென்னகிருஷ்ணன் அதில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வேட்டி, சட்டை எல்லாவற்றோடும். மாரம்மா அவன் தலையில் ஒரு குடம் ஊற்றினாள். பிறகு யார் யாருக்கு ஊற்றினார்கள் என்று கணக்கில்லை. பூபதிக்கும் ஊற்றினார்கள். "ஐயோ ஆத்தா, பேட்டாக் காசு சட்டைப்பையில இருக்கு" என்று அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

வெங்கடம்மாள் கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். "மாட்டு மூத்திரம் நாறுது."

"முதல்ல அடிச்சப்ப போன தண்ணி, கொஞ்சம் உள்ள ஊறியிருக்கும்" என்றார் பூபதி. "செடிக்கு விடலாம். குடிச்சுறாதீங்க. கொஞ்ச நாள் எறைச்சு வெளிய போகட்டும். அப்புறம் கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோயி டெஸ்ட் பண்ணிக்கங்க. நல்லதுன்னு வர்ற வரைக்கும் வாயில வைக்காதீங்க."

"எலைக்கு உரத்தோட வருது" என்றாள் நாராயணம்மா. "என் மாட்டுது. காசு குடுத்துடு."

சொல்லிவிட்டு அவள் நனைந்த புடவையோடு கிணற்று மேட்டுக்குப் போனாள். கூட்டம் கலைந்தது. வண்டி போனது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அரை வயல் நனைந்திருக்கும். கிணற்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

"எறங்குது! ஏய் வெங்கட்டு! எறங்குதுடி!"

"இப்பதான பாயுது" என்றான் சென்னகிருஷ்ணன். "மிச்சம் பாதியும் பாயட்டும். அண்ணிக்கு அவசரம்."

வெங்கடம்மாள் ஸ்டார்ட்டரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாதி மல்பெரி நனைந்து தலை நிமிர்ந்திருந்தது. மீதிப் பாதி அப்படியே வாடி நின்றது. உள்ளே தண்ணீர் இருக்கிறது. இழுத்தால் வரும். அவள் ஒரு வசவு வைதாள். யாரை என்று அவளுக்கே தெரியவில்லை. அணைத்துவிட்டாள்.

போய்க் கிணற்றில் எட்டிப் பார்த்தாள். பாசிக்கல்லுக்குக் கீழே ஈரமான பட்டை தெரிந்தது. இரண்டு பேரும் மேட்டில் உட்கார்ந்தார்கள். வெற்றிலை போட்டார்கள். பொழுது சாயும்போது அந்த ஈரப்பட்டை மெல்ல மறைந்தது. தண்ணீர் ஏறி மறுபடியும் கல்லைத் தொட்டது.

"ஏறுது" என்றாள் நாராயணம்மா.

"ஏறுதுதா."

"அப்ப நிறுத்தி நிறுத்தி வுடு. நீ கொஞ்சம் குடி, நான் கொஞ்சம் குடிக்கிறேன்."

அப்படித்தான் நடந்தது. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நாராயணம்மா கத்துவாள், வெங்கடம்மாள் நிறுத்துவாள். கத்துவதில் நாளுக்கு ஒரு வசவு கூடியது. கொட்டாய்க்கு அதுவே பொழுதுபோக்கு. ஹரீஷ்குமார் ஒரு நாள் லீவு போட்டு வந்து நனைந்த தோட்டத்தைப் பார்த்துவிட்டு, மத்திகிரி வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அவன் அம்மா அவன் கையில் இலைச் சாக்கைக் கொடுத்தாள். அவன் சாயங்காலம் வரைக்கும் இலை பறித்தான். அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

புழுக்கள் எழுந்தன. வெங்கடம்மாளின் கையும் காலும் நிற்கவில்லை. போட்ட இலை போட்ட மாதிரி மறைந்தது. நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு இலையை வெட்டிக்கொண்டே காதைக் கிணற்றுப் பக்கம் வைத்திருந்தாள். சத்தம் வரும் நேரம் தாண்டிவிட்டது. இன்னும் வரவில்லை. கடைசி பாத்தி வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அது காய்ந்தே கிடக்கும். சத்தம் இல்லை.

ஓரகத்திக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நாராயணம்மா கிணற்று மேட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்கடம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாசிக்கல்லை விட்டு நன்றாகக் கீழே போயிருந்தது.

"என்னாக்கா இது? ஏன் கத்தல?"

நாராயணம்மா நிமிரவில்லை. "புழு கடைசித் தீனி தின்னுதில்ல. அந்தக் கடைசிப் பாத்தி எலை முத்திப் போவுதுன்னு உன் புருசன் சொன்னான். ஒரு நாளு பாயட்டுமேன்னு இருந்தேன். என்னா இப்ப? ராத்திரியில ஏறிக்கும்."

"ஏறலன்னா?"

"ஏறும்டி."

"ஏறலன்னா காலையில மாரி புள்ளைங்க எதக் குடிக்கும்? குடிக்கிற தண்ணி! உனக்கு மூள இருக்குதா? ஊரு தண்ணிய புழுவுக்கு ஊத்தச் சொல்லி உன்னக் கேட்டனா நானு?"

"என் கெணறு. நான் எவளுக்காச்சும் ஊத்துவேன். நீ யாரு கேக்க?"

"நானா? நான் யாரா?" வெங்கடம்மாள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "இரு, மோட்டார நிறுத்திட்டு வந்து சொல்றேன் நான் யாருன்னு!"

ஈர வரப்பில் வழுக்கி, விழப் பார்த்து, சமாளித்துக்கொண்டு அவள் ஓடினாள். பின்னாலிருந்து நாராயணம்மாவின் குரல் துரத்தியது. "வா வா! உக்காந்துதான் இருக்கேன்! வரும்போது வெத்தலை எடுத்துக்கினு வா!"